செபஸ்தியாரைக் கொன்றது அம்பு அல்ல

மரத்தில் கட்டிய இளைஞன், இடுப்பில் ஒரு துணி, உடம்பெங்கும் அம்பு. மன்னார்ப் பேராலயம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆலப்புழைக் கடற்கரையை ஒட்டிய அர்த்துங்கல்லில், சபரிமலைக்குப் போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்கள்கூட அவர் கோயிலில் வந்து மாலை கழற்றுகிறார்கள். ஜனவரி 20 வந்தால் நம் கத்தோலிக்க ஊர்களில் அவருக்குத் திருநாள். இவ்வளவு பழக்கமான செபஸ்தியாரைப் பற்றி நம்மிடையே புழங்கும் கருத்து இரண்டு. கோயிலுக்குள் இருப்பவர், அம்பு பட்டு உயிர்விட்ட போர்வீரர் என்பார். வெளியே நின்று நாலு புத்தகம் படித்தவர், அப்படி ஓர் ஆளே கிடையாது என்பார். அம்பு என்றால் கொள்ளைநோய். கொள்ளைநோயை அம்பாக எய்கிறவன் கிரேக்கரின் அப்பல்லோ. கிறிஸ்தவம் வந்ததும் அப்பல்லோவின் வேலையை ஒரு புனிதரிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் புனிதருக்கு வைத்த பெயர் செபஸ்தியார். வெளியே நிற்பவரின் வாதம் இவ்வளவுதான்.

இந்த இரண்டாவது கருத்துக்குத்தான் இப்போது மவுசு அதிகம். பக்தியிலிருந்து விடுபட்ட தோற்றம் அதற்கு இருக்கிறது, கேட்பவர் தலையாட்டிவிடுகிறார். அதை மறுப்பதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். ஆனால் அதை மறுத்துக்கொண்டே போனால் முதல் கருத்தும் நிற்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரு தரப்பும் சுரூபத்தைப் பார்த்துப் பேசுகின்றன. ஏட்டைப் புரட்டியவர்கள் குறைவு.

கி.பி. 354ஆம் ஆண்டுக்கென உரோமையில் ஒரு நாட்காட்டித் தொகுப்பு தயாரானது. வாலண்டினுஸ் என்பவருக்காக ஃபிலோகலுஸ் என்ற எழுத்துக்கலைஞர் செய்து கொடுத்தது. பேரரசர்களின் பிறந்தநாள், ஆண்டுதோறும் பதவி வகித்த கான்சல்களின் பெயர், பாஸ்கா தேதிகள் என்று ஓர் உரோமைக் குடிமகனுக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு உரோமைத் திருச்சபை ஆண்டுதோறும் நினைவுகூரும் மறைசாட்சிகளின் பட்டியலும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பட்டியலின் மூலம் 336ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டது என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதில் ஜனவரி 20க்கு நேரே இரண்டு பெயர்கள். கலிஸ்துவின் கல்லறைத் தோட்டத்தில் ஃபாபியான். ஆப்பியா சாலையில் கத்தகும்பாஸ் என்று அழைக்கப்பட்ட இடத்தில் செபஸ்தியார். வேறு எதுவும் இல்லை. அம்பு இல்லை, புதுமை இல்லை, கொள்ளைநோய் இல்லை.

ஒரே வரியில் செபஸ்தியாரோடு நிற்கும் அந்த ஃபாபியான் யார் என்று பாருங்கள். உரோமையின் ஆயர், 250இல் தேசியுஸ் பேரரசனின் கலாபனையில் கொல்லப்பட்டவர். அதே காலத்தில் வாழ்ந்த கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானின் கடிதங்கள் அவர் மரணத்தைப் பேசுகின்றன. போதாததற்கு, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜொவான்னி பத்திஸ்தா தெ ரொஸ்ஸி கலிஸ்துவின் நிலத்தடிக் கல்லறையைத் தோண்டித் துலக்கியபோது, ஃபாபியானின் பெயர் பொறித்த கிரேக்கக் கல்வெட்டே கிடைத்தது. பட்டியல் எந்த இடத்தைச் சொன்னதோ அந்த இடத்திலேயே. அதாவது, அந்த வரியின் முன்பாதியை நிலமே உறுதிசெய்துவிட்டது. பின்பாதி மட்டும் கற்பனை என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு ஒரு காரணம் வேண்டும். அப்பல்லோ வாதக்காரர்கள் யாரும் அந்தக் காரணத்தைத் தந்ததை நான் படித்ததில்லை. பட்டியல் ஒன்று இருக்கிறது என்பதையே பலர் சொல்வதில்லை.

காலக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். செபஸ்தியார் தியோக்ளேசியன் காலத்தவர் என்பது மரபு. தியோக்ளேசியன் அரியணை ஏறியது 284இல், இறங்கியது 305இல். பட்டியல் தொகுக்கப்பட்ட 336க்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறை, மிஞ்சினால் இரண்டு. அடக்கத்தின்போது உடனிருந்தவர்களின் பிள்ளைகள் உயிரோடு இருந்த காலம். இல்லாத ஒருவருக்கு, இன்ன நாள் இன்ன இடம் என்று கல்லறை விலாசம் எழுதிக்கொடுத்து, ஊர் முழுக்க வருடந்தோறும் அங்கே போய் நிற்கச் செய்வது நடக்கிற காரியமா? நம் நடுகற்களை எண்ணிக்கொள்ளலாம். வீரன் விழுந்த இடத்தில் முதலில் கல் நிற்கும்; படையலும் பாட்டும் கதையும் பின்னால் வரும். கதையில் மிகை இருப்பதைக் காட்டி, கல்லுக்கு அடியில் யாருமே விழவில்லை என்று எவரும் வாதிடுவதில்லை.

அடுத்த சாட்சி மிலான் ஆயர் அம்புரோசியார். 374 முதல் 397 வரை ஆயராக இருந்தவர். 118ஆம் சங்கீதத்துக்கு அவர் செய்த விளக்கவுரையில் செபஸ்தியாரைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. செபஸ்தியார் மிலானைச் சேர்ந்தவர். மிலானில் அந்நேரம் துன்புறுத்தல் இல்லாமலோ தணிந்தோ இருந்தது. அது கொடுமையாக நடந்த உரோமைக்குப் போனார். அங்கே சாட்சியாக மரித்தார். இவ்வளவுதான். தம் ஊர்க்காரர் என்ற பெருமை அந்த வரிகளில் தெரிகிறதே தவிர, கதை சொல்லும் ஆசை தெரியவில்லை. இதிலும் அம்பு கிடையாது.

கவனமுள்ள வாசகர் ஒன்றைக் கேட்பார்: இதில் போர்வீரர் என்றும் இல்லையே? இல்லைதான். பட்டியலும் சொல்லவில்லை, அம்புரோசியாரும் சொல்லவில்லை. செபஸ்தியாரைப் படைத்தலைவராக்குவது 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பாடுகள்’ என்ற வரலாறு. அவர் நர்போனில் பிறந்து மிலானில் வளர்ந்தவர், அரண்மனைக் காவல் படையில் முதல் அணியின் தலைவர், தியோக்ளேசியனுக்கும் மாக்சிமியனுக்கும் வேண்டியவர் என்பதெல்லாம் அதிலிருந்து வருகிறது. அதை எழுதியவர் கதை சொல்லத் தெரிந்தவர். ஆறு வருடம் பேச்சிழந்திருந்த சோயே என்ற பெண் வாய் திறக்கிறாள். நகர அதிபதி குரோமாசியுஸ் மனம் மாறுகிறார். பாத்திரங்கள் வருகிறார்கள், நீண்ட உரைகள் ஆற்றுகிறார்கள், வரிசையாகச் சாகிறார்கள். இதை அப்படியே வரலாறு என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் இராணுவத்தில் கிறிஸ்தவர் இருந்தார்கள், அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்பது கதை இல்லை. கலாபனை முதலில் படையிலிருந்த சகோதரர்களிடம்தான் தொடங்கியது என்று செசரியா ஆயர் யுசேபியுஸ் எழுதுகிறார். பலி கொடுத்துக் குறி பார்க்கும்போது அருகில் நின்ற கிறிஸ்தவப் பணியாளர்கள் சிலுவை அடையாளம் வரைந்ததால் குறி கலைந்தது, அதில் தியோக்ளேசியன் சினந்து அரண்மனையினரையும் படையினரையும் பலி கொடுக்கக் கட்டளையிட்டார் என்று அதே காலத்தவரான லக்தான்சியுஸ் சொல்கிறார். 298இல் வட ஆப்பிரிக்காவின் தாஞ்சியரில் மார்செல்லுஸ் என்ற நூற்றுவர் தலைவர் தம் இராணுவக் கச்சையைக் கழற்றி எறிந்து தலை கொடுத்தார். அந்தப் பின்னணியில் ஒரு காவல் படை அதிகாரி கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்பதில் நம்ப முடியாதது ஒன்றும் இல்லை. அதற்கு மேல் உறுதி சொல்ல ஏடு இடம் தரவில்லை. நானும் அங்கேயே நிற்கிறேன்.

இனி அப்பல்லோ.

வாதம் இலியத்தின் தொடக்கத்தை ஆதாரமாகக் கொள்கிறது. தன் பூசாரியை அவமதித்த கிரேக்கர் பாசறைக்குள் அப்பல்லோ அம்பு மாரி பொழிகிறான். கோவேறு கழுதை, நாய், மனிதர் என்று வரிசையாகக் கொள்ளைநோயில் சாகிறார்கள். உரோமையிலும் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஒரு கொள்ளைநோய்க்குப் பிறகு அப்பல்லோவுக்குக் கோயில் எழுந்தது. இதெல்லாம் உண்மை. இதையும் செபஸ்தியாரின் அம்பையும் சேர்த்துக் கட்டுவதுதான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சு.

நோயைத் தடுக்கவென்றே உருவாக்கப்பட்ட புனிதர் என்றால், நோய் வந்த நேரத்தில் மக்கள் அவரைத் தேடி ஓடியிருக்க வேண்டும். ஓடினார்களா? 541இல் தொடங்கிய ஜஸ்டினியன் காலக் கொள்ளைநோய் மத்தியதரைக் கடல் ஊர்களையெல்லாம் வாரிக்கொண்டு போனது. 590இல் அது உரோமையில் திருத்தந்தை இரண்டாம் பெலாஜியுஸையே கொன்றது. அடுத்து வந்த பெரிய கிரகோரியார் என்ன செய்தார்? ஊரை ஏழு கூட்டங்களாகப் பிரித்து, மன்றாட்டுப் பவனியாக அன்னை மரியாவின் பெருங்கோயிலுக்கு வரச் சொன்னார். செபஸ்தியாரின் கல்லறைக் கோயில் ஆப்பியா சாலையில் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. கிரகோரியார் செபஸ்தியாரை அறியாதவரும் இல்லை; ‘உரையாடல்கள்’ நூலில் செபஸ்தியார் பெயரில் ஒரு சிற்றாலயம் அர்ச்சிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறார். ஆனால் பிணங்கள் குவிந்த நேரத்தில் செபஸ்தியாரிடம் போக அவருக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அன்றைக்குச் செபஸ்தியாருக்கும் கொள்ளைநோய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதற்குள் அவர் பெயர் பட்டியலில் ஏறி 250 வருடம் ஆகிவிட்டது.

சம்பந்தம் ஏற்பட்டது 680இல், வட இத்தாலியின் பவியா நகரத்தில். லொம்பார்துகளின் வரலாற்றை 8ஆம் நூற்றாண்டில் எழுதிய திருத்தொண்டர் பவுல் இதைச் சொல்கிறார். ஜூலையிலிருந்து மூன்று மாதம் கொள்ளைநோய், ஊரே காலி, சந்தையிலும் தெருவிலும் புல் முளைத்துவிட்டது. இரவில் ஒரு நல்ல தூதனும் ஒரு கெட்ட தூதனும் தெருத்தெருவாக வருவதை மக்கள் கண்டார்களாம். நல்ல தூதன் காட்டிய வீட்டின் கதவைக் கெட்ட தூதன் எத்தனை முறை தட்டினானோ, மறுநாள் அந்த வீட்டில் அத்தனை சாவு. கெட்ட தூதன் கதவைத் தட்டியது எதனால்? வேட்டை ஈட்டியால். பவியாவிலுள்ள புனித பேதுரு கோயிலில் மறைசாட்சி செபஸ்தியாருக்குப் பீடம் கட்டும்வரை நோய் நீங்காது என்று ஒருவருக்கு வெளிப்பாடு உண்டாகிறது. உரோமையிலிருந்து புனிதரின் திருப்பண்டம் வருகிறது, பீடம் எழுகிறது, நோய் நிற்கிறது.

அம்பும் நோயும் ஒன்றாகப் பேசப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கதைதான். இதில் நோயின் ஆயுதம் ஈட்டி. செபஸ்தியார் அம்பு பட்டவர் என்ற நினைவூட்டல்கூட இல்லை. அவர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதற்குப் பவுல் தரும் காரணம் வெளிப்பாடு மட்டுமே. ஏறக்குறைய அதே காலத்தில் உரோமையின் சங்கிலிப் பேதுரு கோயிலில் வைக்கப்பட்ட மொசைக் ஓவியம் இன்றும் இருக்கிறது. அங்கே செபஸ்தியார் நரைத்த தாடிக்காரர். அரசவை உடை உடுத்தி, கையில் மகுடத்தோடு நேராக நிற்கிறார். அதற்கு நூறு வருடம் முந்தைய ராவென்னா மொசைக்கில் மற்ற மறைசாட்சிகளோடு வெள்ளை உடையில் வரிசையில் போகிறார். அழகிய இளம் அப்பல்லோவின் வாரிசு என்றால், இந்தத் தாடிக் கிழவரை என்ன செய்வது?

அம்பைக் கொள்ளைநோய்க்குக் குறியாகப் பார்க்கும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஹோமர் தேவைப்படவில்லை. இலத்தீன் பேசிய மேற்கு நாடுகளில் கிரேக்க ஹோமரைப் படிக்கத் தெரிந்தவர் இடைக்காலத்தில் அரிது; பள்ளிகளில் ஒரு சுருக்கப் பதிப்பு உலவியது, அவ்வளவே. முழு இலியத்தை இலத்தீனில் லெயொன்சியோ பிலாத்தோ ஆக்கித் தந்ததே 1360களில்தான். பெத்ரார்க்கா கையில் கிரேக்கப் பிரதி இருந்தது, படிக்கத்தான் தெரியவில்லை. மறுபக்கம் பாருங்கள்: பகலில் பறக்கும் அம்பையும் இருளில் நடமாடும் கொள்ளைநோயையும் அடுத்தடுத்து நிறுத்தும் சங்கீதம் விவிலியத்தில் இருக்கிறது. பெனதிக்து சபை ஒழுங்குப்படி துறவிகள் ஒவ்வோர் இரவும் உறங்கப்போகுமுன் அதைப் பாடினார்கள். கடவுளின் அம்புகள் என் உடம்பில் தைத்திருக்கின்றன என்று யோபுவும் புலம்புகிறார். தினமும் வாயில் இருந்த பாட்டை விட்டுவிட்டு, ஆயிரம் வருடம் கண்ணில் படாத காவியத்திலிருந்து அம்பைக் கொண்டுவர வேண்டிய அவசியம் என்ன?

இன்னொன்று, இது சிறு பிள்ளைக்கும் தெரியும். அப்பல்லோ அம்பை எய்கிறவன். செபஸ்தியார் அம்பை வாங்கிக்கொள்கிறவர். நோயை அனுப்பும் தெய்வத்தைக் குளிரச் செய்வதும், நம்மைப் போல் அடிபட்ட ஒருவரிடம் போய் முறையிடுவதும் ஒன்றல்ல. 1464இல் கொள்ளைநோய் வந்தபோது சான் ஜிமிஞ்ஞானோ ஊரார் பெனொத்ஸோ கொத்ஸொலியை அழைத்து வரையச் சொன்ன சுவரோவியத்தில் இது கண்ணெதிரே தெரிகிறது. அம்புகள் மேலே வானத்திலிருந்து எறியப்படுகின்றன. கீழே செபஸ்தியார் முழு உடையோடு நின்று தம் மேலாடையை விரித்துப் பிடித்திருக்கிறார்; ஊர் மக்கள் அதற்குள் ஒண்டியிருக்கிறார்கள்; அம்புகள் மேலாடையில் பட்டு முறிந்து விழுகின்றன. அப்பல்லோவின் இடத்தில் அவர் நிற்கவில்லை, எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார்.

ஆக வரிசை இது: கல்லறையும் நாளும் 336க்கு முன், அம்புக் கதை 5ஆம் நூற்றாண்டு, கொள்ளைநோய் 680, இரண்டையும் இணைத்து ஊர் ஊராகப் பரப்பியது 13ஆம் நூற்றாண்டின் ‘பொற்கதை’ நூலும், 1347இல் வந்திறங்கிய கரும்பிணியும். அப்பல்லோ வாதம் இந்த வரிசையைத் தலைகீழாக்கினால்தான் ஓடும்.

இப்போது கோயிலுக்குள் இருப்பவரிடம் திரும்புகிறேன். அவரும் அம்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். ‘பாடுகள்’ நூலைக் கடைசிப் பக்கம்வரை படித்தவர் அம்பு பட்டு இறந்தார் என்று சொல்லவே முடியாது.

அந்நூல் சொல்வது: செபஸ்தியார் தம் விசுவாசத்தைப் படைச் சீருடைக்குள் மறைத்து வைத்திருந்தார். பயத்தால் அல்ல; சிறைக்குள் போய்வர அந்தச் சீருடை வழிவிட்டது. மார்க்கு, மார்செல்லியான் என்ற இரட்டைச் சகோதரர்கள் மரண தண்டனைக்குக் காத்திருக்க, பெற்றோரும் மனைவி மக்களும் வந்து அழுது அவர்கள் மனத்தைக் கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் வாய் திறந்தார். பிறகு காட்டிக்கொடுக்கப்பட்டார். தியோக்ளேசியன் அவரைத் திறந்த வெளியில் கட்டி அம்பெய்யச் சொன்னார். முள்ளம்பன்றிபோல் அம்பு தைத்து நின்றவரைச் செத்தார் என்று விட்டுவிட்டுப் போனார்கள். இரவில் இரேனே என்ற கைம்பெண், முன்பே கொல்லப்பட்ட கஸ்துலுஸின் மனைவி, அடக்கம் செய்ய உடலை எடுக்க வந்தாள். உயிர் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் மருந்திட்டாள். அந்த வீடு இருந்தது அரண்மனை வளாகத்திலேயே. சில நாளில் அவர் முழுக்கக் குணமானார்.

கிறிஸ்தவர்கள் வந்து ஊரைவிட்டுப் போய்விடச் சொன்னார்கள். நியாயமான யோசனை, யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவர் போகவில்லை. பலத்தீன் குன்றில் எலகாபலுஸ் கோயில் படிக்கட்டில் போய் நின்றார். பேரரசர்கள் அவ்வழியே வந்தபோது, கிறிஸ்தவர்கள் மேல் நீங்கள் சுமத்தும் பழி பொய், இந்த அரசு நலமாக இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறவர்கள் அவர்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். கொல்லச் சொன்ன ஆள் நிற்பதைக் கண்ட தியோக்ளேசியன், நீ செபஸ்தியான் அல்லவா என்று கேட்டார். இம்முறை தவறு நேரவிடவில்லை. அரண்மனையின் குதிரைப் பந்தயத் திடலில் தடியால் அடித்தே கொன்றார்கள். கிறிஸ்தவர்கள் இவரை மறைசாட்சி ஆக்கிவிடக் கூடாது என்று உடலை இரவோடிரவாகப் பெருஞ்சாக்கடையில் எறிந்தார்கள். லூசினா என்ற பெண்ணின் கனவில் அவரே வந்து உடல் கிடக்கும் இடத்தைச் சொல்ல, அவள் எடுத்துக் கத்தகும்பாஸில் அடக்கம் செய்தாள்.

அம்பு பட்டது அவருக்கு நேர்ந்தது. படிக்கட்டில் போய் நின்றது அவர் செய்தது. கட்டிப்போட்டு எய்யும்போது ஒருவருக்குத் தேர்வு ஏது? குணமான பிறகு, கதவு திறந்திருக்க, தப்பியோட வழியிருக்க, திரும்பிப் போவதில்தான் சாட்சியம் இருக்கிறது. இந்தப் பாதியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது இரங்கத்தக்க ஓர் உடல். நம் மறையுரைகளில் அவரைப் பணிவின் மாதிரியாக, கடமை தவறாத படைவீரராகக் காட்டுவதையும் கேட்டிருக்கிறேன். தம் மேலதிகாரியை, அதுவும் பேரரசரை, வழிமறித்து நீர் செய்வது அநியாயம் என்று சொன்னவரைப் பணிவுக்கு மாதிரியாக்குவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

பின்பாதி காணாமல் போனதற்குக் கலைஞர்களே பெரும் பொறுப்பு. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஆண் உடலை வரையும் வித்தையைக் காட்ட மத ஓவியத்தில் கிடைத்த வாய்ப்புகள் குறைவு. செபஸ்தியார் தோதாக அமைந்தார். பொத்திச்செல்லி, பொல்லாயுவோலோ, அந்தொனெல்லோ தா மெஸ்ஸீனா ஆகியோர் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வரிசையாக வரைந்தார்கள். மந்தேஞ்ஞா மூன்று முறை வரைந்தார். தாடி போனது, வயது போனது, உடை போனது. ஃபிரா பர்த்தொலொமெயோ வரைந்த செபஸ்தியாரைப் பார்த்துப் பெண்களுக்கு வேறு எண்ணம் வந்ததைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டறிந்த துறவிகள் படத்தைக் கோயிலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி சொல்லியிருக்கிறார். அதன் பிறகு கதை அந்தப் பக்கமே போனது. 1911இல் பாரிசில் தன்னுன்சியோவின் நாடகத்துக்குத் தெபுஸ்ஸி இசையமைத்தார். செபஸ்தியாராக ஆடியது ஈதா ரூபின்ஸ்டைன் என்ற பெண். பாரிஸ் பேராயர் கத்தோலிக்கர் போகக் கூடாதென்று தடுத்தார். குயிதோ ரேனியின் செபஸ்தியாரைத் தம் நாவலில் மையமாக்கிய ஜப்பானிய எழுத்தாளர் மிஷிமா, பின்னாளில் அம்பு தைத்த கோலத்தில் தாமே புகைப்படத்துக்கு நின்றார். 1976இல் டெரெக் ஜார்மனின் படம் முழுக்க இலத்தீனில் பேசி, அம்போடு முடிந்தது. தன்பாலீர்ப்பு காரணமாக ஒடுக்கப்பட்டவர்கள் அந்த உருவத்தில் தங்களைக் கண்டுகொண்டதில் எனக்கு மனக்குறை கிடையாது. அவர்களுக்கும் அம்போடு நின்றுவிட்ட செபஸ்தியாரே கிடைத்தார் என்பதுதான் குறை. அடித்தவன் வாசலுக்கே திரும்பிப் போய் நின்றவர் அவர்களுக்கு இன்னும் உதவியிருப்பார்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஷொர்ஷ் தெ லா தூர் இரேனே காயத்துக்கு மருந்திடுவதை வரைந்தார். 1612இல் லுதொவிக்கோ கராச்சி, உடல் சாக்கடையில் தள்ளப்படுவதை வரைந்தார். உடலை மீட்டெடுத்த இடம் என்று நம்பப்பட்ட தலத்தின் மேல் எழுந்த கோயிலுக்காகக் கர்தினால் மஃபேயோ பர்பெரினி கேட்டுச் செய்வித்த படம் அது. இன்று அது லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கெட்டி அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அதை அச்சிட்டு வீட்டில் மாட்டியவரை நான் பார்த்ததில்லை.

ஒரு தடை எழும் என்று தெரியும். ‘பாடுகள்’ நூலை வரலாறு என்று ஏற்க மாட்டேன் என்று மேலே சொல்லிவிட்டு, இப்போது அதன் பின்பாதிக்காக வக்காலத்து வாங்குகிறீரே, அம்பும் அதே நூலில்தானே இருக்கிறது என்பார்கள். உண்மை. அம்பு எவ்வளவு கதையோ படிக்கட்டும் அவ்வளவு கதை. வரலாறாகக் கேட்பவருக்கு என் விடை நாலே சொல்லில் அடங்கும்: ஒரு பெயர், ஒரு நாள், ஒரு கல்லறை, ஓர் ஊர். அதை எவராலும் அசைக்க முடியாது. கதையாகக் கேட்பவருக்கு, கதையை முழுதாகச் சொல்லுங்கள் என்கிறேன். பாதிக் கதையை எடுத்து, அதன்மேல் ஓவியனின் தூரிகையை ஏற்றி, அந்தப் படத்தை வைத்து வரலாற்றை மறுப்பது ஆராய்ச்சி ஆகாது. அதே பாதிக் கதையைப் பீடத்தில் ஏற்றி அதுதான் சாட்சியம் என்பது பக்தியும் ஆகாது.

இன்னொரு தடையும் உண்டு. கல்லறைப் பட்டியல் பெயரைக் காப்பாற்றலாம், ஆனால் அம்பு எடுக்கும் பவனியும் நேர்ச்சையும் வேண்டுதலும் பழைய தெய்வ வழிபாட்டின் மிச்சம்தானே? சில ஊர்களில் சில சடங்குகள் அப்படி இருக்கலாம். கேரளத்து அம்புப் பெருநாளிலும் நம் தேர்த் திருவிழாவிலும் அந்தந்த மண்ணின் வாசனை இருப்பதை எவரும் மறைக்கவில்லை. மக்கள் தங்களுக்குத் தெரிந்த விதத்தில்தானே கொண்டாடுவார்கள்? மேளமும் கொடியும் எங்கிருந்து வந்தன என்பது ஒரு கேள்வி. யாருக்காக அடிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் ஒட்டவைப்பதால்தான் மன்னாரிலும் ரியோ டி ஜனேரோவிலும் ஒரே அப்பல்லோவைத் தேட வேண்டிவருகிறது. 1565இல் போர்த்துக்கீசியர் ரியோவை நிறுவியபோது செபஸ்தியாரின் பெயரையே நகரத்துக்கு வைத்தார்கள். அந்தப் பெயருக்கு ஒரு காரணம், அன்றைய தங்கள் இளம் அரசனின் பெயரும் செபஸ்தியான் என்பது. பரவலுக்கு இப்படிச் சாதாரணக் காரணங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் புராணம் தேவையில்லை.

அப்பல்லோ வாதத்தை இனியும் எழுத விரும்புகிறவர், ஃபாபியானுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும், பவியாவில் தூதன் கையில் அம்பு ஏன் இல்லை என்பதையும் முதலில் விளக்கிவிட்டு எழுதட்டும். திருநாள் மறையுரை ஆற்றும் குருக்களிடம் ஒரே வேண்டுகோள்: வருகிற ஜனவரி 20 அன்று, அவரை மரத்திலிருந்து அவிழ்த்து, இரேனேயின் வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பேரரசரின் படிக்கட்டுவரை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள்.